பல அறை ஃபைலா, மாத உறையா, ஸ்கேனா?

தபாலில் வந்தது, கடையில் கொடுத்தது, பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவந்தது என்று நாளைக்கு இரண்டு தாள் வீட்டுக்குள் வந்தால் வருடத்துக்கு 730. சாதாரண ஏ4 தாள் நூறை அடுக்கினால் சுமார் ஒரு செ.மீ. உயரம்தான் வரும். அப்படியென்றால் ஒரு வருடக் காகிதம் மொத்தமும் ஏழெட்டு செ.மீ. கட்டு, அவ்வளவுதான். ஆனாலும் சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ் தலை, டிவிக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் காகிதம். இடம் போதாமல் இல்லை. கையில் இருக்கும் தாளை எங்கே வைப்பது என்று யோசிக்கச் சோம்பல். இந்தச் சோம்பலுக்கு எந்த முறை ஈடுகொடுக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் பல அறை ஃபைல். ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியும், 12 அல்லது 13 அறை இருக்கும். வாங்கிய அன்று ஆசையாக லேபிள் ஒட்டினேன்: மின்சாரம், வங்கி, மருத்துவம், வண்டி, காப்பீடு. அன்று மாலையே சிக்கல் வந்தது. வண்டியின் காப்பீட்டுத் தாள் எந்த அறைக்கு? நான் ‘வண்டி’யில் வைத்தேன், மனைவி ‘காப்பீடு’ அறையில் தேடினாள். மூன்றே மாதத்தில் ‘இதர’ அறை மட்டும் உப்பி, மூடும் எலாஸ்டிக் கொக்கியை எட்டவில்லை.

மாத உறையில் இந்த வம்பே இல்லை. 12 பெரிய உறைகள், ஜனவரி முதல் டிசம்பர் வரை. வந்த தாள் வந்த மாதத்து உறைக்குள் போகும், தலைப்பு பற்றிய கேள்வியே எழாது. தேடும்போது திண்டாட வேண்டாமா என்று கேட்பீர்கள். “மழைக்காலத்தில்தானே வண்டியை சர்வீஸுக்கு விட்டோம்” என்று ஞாபகம் எப்படியும் காலத்தைப் பிடித்துக்கொண்டு வரும். மாதத்துக்கு அறுபது தாள், புரட்ட இரண்டு மூன்று நிமிஷம். தாளை வைப்பது தினசரி வேலை, தேடுவது எப்போதாவது. பல அறை ஃபைல் அந்த எப்போதாவதுக்காக நம்மைத் தினமும் வேலை வாங்குகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த ஜனவரி வந்ததும் பழைய ஜனவரி உறையைக் கொட்டி, வரிக்கணக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவைத்துவிட்டு மீதியைக் கிழித்துப் போடலாம்.

ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நொகுச்சி 1990களில் பிரபலமாக்கிய முறையும் காலத்தை நம்புவதுதான். விஷயத்துக்கு ஓர் உறை, எடுத்துப் பார்த்ததை அலமாரியின் இடக்கோடியில் திருப்பி வைக்க வேண்டும். தொடாதவை தானாக வலப்பக்கம் ஒதுங்கும். அலுவலக மேசைக்கு அருமை. வீட்டில் நாலு கை எடுத்து நாலு இடத்தில் வைக்கும், அந்த வரிசை அங்கே நிற்காது.

ஸ்கேன் பண்ணிவிட்டால் காகிதமே வேண்டாமே என்பவர்களுக்குப் பாதி உண்மை தெரியும். பத்திரம், சான்றிதழ் போன்றவற்றுக்குப் பல இடங்களில் மூலத்தைத்தான் கேட்பார்கள். சும்மா போட்டோ எடுத்துவிட்டால் அது கல்யாணப் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும். பி.டி.எஃப் ஆக்கி, ‘2024-03-15 வண்டி சர்வீஸ்’ என்று வருடத்தை முன்னால் வைத்துப் பெயரிட்டால் தேதி வரிசையில் தானாக நிற்கும். சரி, தினமும் இதைச் செய்வோமா? நான் செய்யவில்லை.

ஒன்றுக்கு மட்டும் ஸ்கேன் கட்டாயம்: வழவழப்பான கடை ரசீது. நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டில் அச்சாகும் தாள். வெயில், வெப்பம், சிலவகை பிளாஸ்டிக், எது பட்டாலும் எழுத்து மங்கும். மிக்ஸியின் வாரண்டி ரசீதைப் பத்திரமாகக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். மிக்ஸி நின்ற அன்று எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள்.

இப்போது எங்கள் வீட்டில் மாத உறைகள், மூலப் பத்திரங்களுக்கு ஒரு மெல்லிய ஃபைல், ரசீதுக்கு மட்டும் போன். பல அறை ஃபைல் மகளின் ஓவியங்களுக்குப் போய்விட்டது. லேபிளை அவள் உரிக்கவில்லை, ‘வங்கி’ அறையில் யானை இருக்கிறது.