யாழ்ப்பாணம் போக விமானமா, கப்பலா?

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் இறங்கிவிடலாம், அவசரத்துக்கு அதுதான் சரி. ஆனால் இரண்டு கரையும் நிஜமாகவே நெருங்க வேண்டுமென்றால் என் ஓட்டு நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் கரையில் உள்ள காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலுக்குத்தான். சுமார் 4 மணி நேரம் ஆகும், கடல் கொந்தளித்தால் ஓடாது, 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே நின்றுபோய் 2024 ஆகஸ்டில்தான் திரும்ப வந்தது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 1914 முதல் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறிப் போன மக்கள் நாம். 1964 புயல் தனுஷ்கோடித் துறைமுகத்தை அழித்துவிட்டது. யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு இங்கிருந்தும் வேளாங்கண்ணிக்கு அங்கிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கப்பல்தான் தோது. அப்புறம், நாகையில் இறங்கினால் வேளாங்கண்ணி பக்கத்திலேயே இருக்கிறது, சென்னையில் இறங்கினால் இன்னும் ஒரு ராத்திரிப் பயணம் பாக்கி.