கச்சான் தோட்டத்து வெள்ளைப் புழு: உழவா, பூஞ்சணமா?

வன்னியில் கச்சான் (நிலக்கடலை) செடி காரணமின்றி வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். பக்கத்து மண்ணில் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு, வண்டின் குஞ்சு. முதல் மழையோடு வெளிவரும் வண்டுகள் இரவில் வேம்பு போன்ற மரங்களில் இலை தின்று, மண்ணுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன.

ஆழ உழுதால் புழுக்கள் மேலே புரளும். உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்கும் மைனாவும் வரிசை கட்டும். கூலி கேட்காத வேலையாட்கள். ஆனால் மண் வறண்டதும் புழுக்கள் கலப்பை எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். பயிர் நிற்கும்போது உழவும் முடியாது.

அப்படிப் பயிர் நிற்கும்போது கைகொடுப்பது மெட்டாரைசியம் என்ற பூஞ்சணம். அதன் வித்துகள் புழுவின் தோலைத் துளைத்து உள்ளே வளரும். செத்த புழுவின் மேல் பச்சை பூக்கும். நன்கு மக்கிய எருவில் கலந்து ஈர மண்ணில் இட வேண்டும். உடனே பலன் கிடைக்காது. காய்ந்த மண்ணில் இட்டால் காசுதான் போகும்.

நான் முதலில் நம்புவது உழவைத்தான், அதுவும் மழை விழுந்து மண் பதமானதும். பூஞ்சணம், நீர் பாய்ச்சும் தோட்டக்காரருக்கு. இரண்டில் எதைச் செய்தாலும் அரைகுறையாக மக்கிய மாட்டெருவை மட்டும் கொட்டாதீர்கள். புழுவை நாமே வண்டியில் ஏற்றி வந்த கதையாகிவிடும்.