டெபியன் ஸ்டேபிள்: பல பதிப்புகள் கடந்த ஒரு பயனரின் அனுபவம்

டெபியன் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளம். அதன் நிலையான வெளியீடான டெபியன் ஸ்டேபிளை வேலைக் கணினியிலும் சர்வரிலும் பல பதிப்புகளாக ஓட்டிவருகிறேன். அதன் வேகம், நினைவகப் பயன்பாடு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு சுவாரசியமாகப் படுவது, சம்பளமில்லாத ஆயிரம் சொச்சம் பேர் சேர்ந்து அதை எப்படி வெளியிட்டு முடிக்கிறார்கள் என்பதுதான். நான் இன்னும் இதிலேயே இருப்பதற்கும் அதுவே காரணம்.

ஒரு காலத்தில் முடிக்கத் திணறினார்கள். வுடி என்ற 3.0 வந்தது 2002 ஜூலையில். அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆகிவிட்டது. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்போது இன்ஸ்டாலரையே அடியிலிருந்து புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வகை ப்ராசஸர்களுக்கும் எல்லாம் ஒருசேரத் தயாராக வேண்டும். நடுவில் 2004இல், தங்கள் கொள்கை வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தமே வெளியீட்டுக்குக் குறுக்கே நிற்கும் என்று தெரிந்ததும், அதை ஒத்திப்போட இன்னொரு வாக்கெடுப்பு. ஒரு நிறுவனத்தில் மேலாளர் "அதை விட்டுட்டு இதை முடி" என்றிருப்பார். இங்கே அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பணம் கொடுத்தும் பார்த்தார்கள். 2006இல் டங்க்-டேங்க் என்று ஒரு முயற்சி: வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு ஊதியம் தந்து, எட்ச் பதிப்பை டிசம்பருக்குள் முடிப்பது. "நாங்களும்தானே உழைக்கிறோம், அவர்களுக்கு மட்டும் எதற்கு?" என்ற கசப்பு கிளம்பியது. சிலர் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். எட்ச் வந்தது 2007 ஏப்ரலில்.

பிறகு நிலைமையை மாற்றியது, என் பார்வையில், ஃப்ரீஸ்தான்: வெளியீட்டுக்கு முன் புதிய மாற்றங்களை உள்ளே விடாமல் நிறுத்திவைப்பது. 2009இல் ஃப்ரீஸுக்குக் காலக்கெடு வைக்க முடிவெடுத்தார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு: ஃப்ரீஸ் எப்போது என்று வெகு முன்பே அறிவித்துவிடுவார்கள், வெளியீடு எப்போது என்பதைக் கடைசிச் சில வாரங்களில்தான் சொல்வார்கள். தன்னார்வலருக்குப் பிடித்த வேலை நிரல்களின் புதிய பதிப்பைக் கொண்டுவருவது. யாரோ விட்டுப்போன வழுவைத் துரத்துவது யாருக்கும் பிடிக்காது. அந்தப் பிடித்த வேலைக்கான கதவைப் படிப்படியாகச் சாத்திவிட்டால், மிச்சமிருப்பது வழு திருத்துவது மட்டும்தான். ட்ரிக்ஸி என்ற 13க்கு இப்படித்தான் நடந்தது. 2025 மார்ச் 15இல் முதல் கட்டம், ஏப்ரல் 15இல் மென் ஃப்ரீஸ், மே 15இல் கடும் ஃப்ரீஸ், ஜூலை 27இல் முழு ஃப்ரீஸ், ஆகஸ்ட் 9இல் வெளியீடு. 2011இலிருந்து ஒற்றைப்படை ஆண்டு ஒவ்வொன்றிலும் ஒரு பதிப்பு வந்துவிட்டது. வருகிற வருடம் தெரிந்தால் போதும், சர்வர் வேலைகளைத் திட்டமிட்டுக்கொள்ளலாம். மாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெளியீட்டுக் குழுவிடம் ஒரு கத்தியும் இருக்கிறது. ஒரு பேக்கேஜில் (நிறுவத் தயாராகக் கட்டிய நிரலில்) வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்கு வழு இருந்து, அதை யாரும் கவனிக்காவிட்டால், அடுத்த ஸ்டேபிளாக உருவாகிவரும் டெஸ்டிங் கிளையிலிருந்து அது தானாகவே நீக்கப்படும். மிக முக்கியமான பேக்கேஜ்களுக்கு மட்டும் விலக்கு. ஆளை ஏவ முடியாது, அவர் பேக்கேஜை வெளியே தள்ளலாம். இதனால் பயனருக்குப் பழகிய நிரல் அடுத்த பதிப்பில் காணாமல் போகலாம். எனக்கு இதில் குறையில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிரலை ஐந்து வருடம் சர்வரில் வைத்திருப்பதைவிட, இப்போதே மாற்றைத் தேடிக்கொள்வது மேல்.

ஸ்டேபிளில் இருக்கும் நிரல்களெல்லாம் பழைய பதிப்புகள் என்ற கேலி என்றும் உண்டு. ஆனால் 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரலுக்குள் ஒளித்துவைத்த பின்கதவு வெளிப்பட்டபோது, டெஸ்டிங்கும், புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிளும் பாதிக்கப்பட்டன, ஸ்டேபிள் தப்பியது. கெட்ட பதிப்புகள் 5.6.0, 5.6.1, ஸ்டேபிளில் இருந்ததோ 5.4 வரிசை. அப்போது வரவிருந்த 12.6 திருத்த வெளியீட்டைக்கூட நிறுத்திவைத்து, ஜூன் கடைசியில்தான் விட்டார்கள். அந்த நிரலின் கதையும் தன்னார்வலர் கதைதான்: ஏறத்தாழ தனியாளாகப் பராமரித்தவரை "ஏன் தாமதம்" என்று நெருக்கி, அந்த இடைவெளியில்தான் விஷமி உள்ளே நுழைந்தான். தாமதத்தைத் திட்டி மடல் எழுதக் கை துறுதுறுக்கும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த பதிப்புக்கு மாறுபவர்களுக்கு இரண்டு விஷயம். வெளியீட்டுக் குறிப்பில் "கவனிக்க வேண்டியவை" பகுதியை முழுக்கப் படியுங்கள். 11இல் பாதுகாப்பு அப்டேட்டுக்கான வரியின் பெயர் மாறியதும், 12இல் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் நிரல்) தனிப் பிரிவானதும் அங்கே தெளிவாக இருந்தன. இன்னொன்று, பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் "ஸ்டேபிள்" என்றோ "டெஸ்டிங்" என்றோ போடாமல் பதிப்பின் பெயரையே போடுங்கள். "ஸ்டேபிள்" என்றிருந்தால், வெளியீட்டுக்குப் பிறகு நீங்கள் கேட்காமலே கணினி அடுத்த பதிப்புக்குத் தாவப் பார்க்கும். "டெஸ்டிங்" என்றிருந்தால், அதுவரை தடுத்துவைத்திருந்த புதிய பேக்கேஜ்கள் அத்தனையும் வெளியீடு முடிந்த கையோடு வந்து குவியும். அந்தச் சில வாரங்களில் அப்டேட் கட்டளை பக்கமே நான் போவதில்லை.