தூக்க மாத்திரையை நிறுத்தித் தருகிறோம் என்று 14,800 ரூபாய் வாங்கிய ஆப் – தயவுசெய்து கட்டுவதற்கு முன் படியுங்கள்

14,800 ரூபாய் போய்விட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற என் அக்கா சீட்டு எடுத்த பணம் அது. தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்திரமாக நிறுத்தித் தருகிறோம் என்று சொன்ன ஒரு ஆன்லைன் 'தூக்க நலன்' ஆப்பில் கட்டினோம். பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் இதே வகை ஆப், இதே வகை விளம்பரம் இப்போது நிறைய ஓடுகிறது. வேறு யார் வீட்டிலும் இது நடக்கக் கூடாது என்றுதான் ஆத்திரம் அடங்குவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மாமாவுக்கு பைக் விபத்தில் கால் முறிந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அக்காவுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பக்கத்துக் கிளினிக் டாக்டர் ராத்திரிக்கு அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் ஒன்று எழுதினார். நல்ல மனிதர். "கொஞ்ச நாளைக்குத்தாங்க இது. நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வாங்க, நானே குறைச்சு விடறேன்" என்று முதல் நாளே சொன்னார். அடுத்த முறை போனபோது, மாமா இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை என்பதால் மறுபடி எழுதிக் கொடுத்தார். குறைக்க வேண்டிய நேரம் வந்தபோது கிளினிக் பூட்டியிருந்தது. வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில்தான் யாரோ அக்காவுக்கு வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். தூக்க மாத்திரை சாப்பிட்டால் மூளை கரைந்துவிடும், பெற்ற பிள்ளையையே மறந்துவிடுவீர்கள் என்று. அக்கா பயந்துபோய்விட்டாள். உடனே நிறுத்த வேண்டும், ஆனால் டாக்டரோ திடீரென்று நிறுத்தாதே என்றிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஆப்பின் விளம்பரம் அவள் போனில் வந்தது.

நான் கோயம்புத்தூரிலிருந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் வீடியோ காலில் பேசினோம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் தடிதடியாகப் புத்தகங்கள். ஒரு இளைஞர். வந்தவுடன் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா சிஸ்டர்? மாமாவுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். முன்னாடி நிரப்பிய படிவத்தில் அக்கா எழுதியதை எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். அப்புறம் அவரே சொன்னார்: "இந்த மாத்திரையை ஒரேயடியா நிறுத்தச் சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க. படபடப்பு வரும், சில பேருக்கு ஃபிட்ஸ்கூட வரும். நாங்க பகுதி பகுதியா குறைப்போம். உங்க வயசு, எடை, எத்தனை நாள் சாப்பிட்டீங்க, எல்லாம் பார்த்து எங்க டாக்டர் உங்களுக்குன்னே ஒரு சார்ட் போடுவார். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் டாக்டர் லைன்ல வருவார்."

இவ்வளவும் சரியான விஷயங்கள். கிளினிக் டாக்டர் சொன்னதையேதான் இவரும் சொன்னார். அதனால்தான் நம்பினோம். அக்கா அன்றைக்குத்தான் பல நாளுக்கு அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எம்மேல அக்கறையா பேசறாரு பாரு" என்றாள். பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்றார். இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் இந்த ரேட், நாளைக்கு 22,000 என்றும் சொன்னார். அங்கேயே ஜிபேயில் 14,800 போட்டோம்.

அடுத்த நாள் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு உடம்பு பதறியது. மேலே 'வயது 54, ஆண்' என்று இருந்தது. மருந்துப் பெயர் குளோனசெபாம் 2 மில்லிகிராம். அக்கா சாப்பிடுவது அல்பிரசோலம், அதுவும் அரை மில்லிகிராம். யாரோ ஒருவருக்குப் போட்டதை, பெயரை மட்டும் அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "ஃபார்மட் மிஸ்டேக் சிஸ்டர், கணக்கு ஒண்ணுதான். 0.25 வாங்கி அதே மாதிரி பாதி பாதியா போங்க" என்று வாய்ஸ் நோட் வந்தது.

ஒரு நிமிடம் இதை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சமாச்சாரம். இந்த இரண்டு மருந்தும் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒன்றுக்குப் போட்ட கணக்கு இன்னொன்றுக்கு ஒத்துவராது. அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், குளோனசெபாம் அதைவிட வெகுநேரம் நிற்கும். சீக்கிரம் இறங்குகிற மருந்தை அவசரமாகக் குறைத்தால் நடுக்கமும் பதற்றமும் சீக்கிரமே வந்துவிடும்.

0.25 வாங்க அந்த பிடிஎஃபைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது சீட்டே இல்ல கண்ணு. டாக்டர் பேரு எங்க? ரிஜிஸ்டர் நம்பர் எங்க? இது ஹெச் ஒன் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத பட்டியல்ல இருக்கு, யாரு எழுதினாங்க, யாருக்குக் குடுத்தேன்னு தனி நோட்டுல எழுதி மூணு வருசம் நான் வெச்சிருக்கணும்" என்றார். அட்டையின் மேலே சிவப்புக் கட்டத்தில் அச்சடித்திருந்த எச்சரிக்கையையும் காட்டினார். அவருக்கு நான் கடைசி வரை நன்றி சொல்ல வேண்டும்.

டாக்டர் கையெழுத்தோடு சீட்டு வேண்டும் என்று ஆப்பில் கேட்டேன். அப்போதுதான் ஒரு உண்மை வெளியே வந்தது. வீடியோவில் வந்தவர் டாக்டரே இல்லை, 'வெல்னஸ் கோச்'. டாக்டர் எப்போது பேசுவார் என்றால் வெள்ளிக்கிழமை என்றார்கள். எனக்குச் சொன்னது இது; அதுவரைக்கும் என்ன செய்வது என்று அக்காவுக்குத் தனியாக வேறு பதில் போயிருக்கிறது. "மாத்திரை கிடைக்கலைன்னா நல்லதுதான் சிஸ்டர், இன்னையோட விட்டுடுங்க. நம்ம இரவுப் பொடி கூரியர்ல வந்துடுச்சுல்ல, அதைப் பால்ல கலந்து குடிங்க, அது பார்த்துக்கும்." ஒரேயடியாக நிறுத்தச் சொல்பவரை நம்பாதீர்கள் என்று சொன்ன அதே வாய்! நான் கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். அக்கா என்னிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. முதல் ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இரண்டாம் நாள் கை நடுக்கம். ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்க்க ஒரு சின்ன இடுக்கி இருக்கும். அதைப் பிடிக்க முடியாமல் அக்கா நாலைந்து முறை கீழே போட்டிருக்கிறாள். பக்கத்து மெஷின் சத்தம் காதுக்குள் குத்துகிறது என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாளாம். நெஞ்சு படபடப்பு, சேலை நனைகிற அளவுக்கு வியர்வை. சூப்பர்வைசர் பயந்துபோய் வீட்டுக்கு அனுப்பினார். ராத்திரி எனக்குப் போன் போட்டு, "எனக்கு என்னமோ ஆகுது சாமி, செத்துருவேன் போல இருக்குது" என்றாள். ஊசியும் கத்தியும் சுற்றுகிற மெஷின் முன்னால் அந்த நிலையில் உட்கார்ந்தவளுக்கு விரல் போயிருந்தால் யார் பதில் சொல்வது?

'எந்நேரமும் டாக்டர் லைன்' என்ற எண்ணுக்கு அடித்தேன். தானியங்கிக் குரல். சாட்டில் எழுதினேன்: "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது." கோச்சைப் பிடித்தபோது, "டாக்ஸின் வெளியே போகுது மேடம், நல்ல அறிகுறி, பொடியை ரெண்டு வேளையா குடுங்க" என்றார். பணம் கட்டும் வரை சிஸ்டர், கட்டிய பின் மேடம். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்கிறேன், நல்ல அறிகுறியாம்! டாக்டரைக் கொடுங்கள் என்று கத்தினேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்று வைத்துவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு என்ன மீட்டிங்?

விடிந்ததும் அக்காவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் மனநலப் பிரிவு ஓபியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டரம்மா நாடி, பிரஷர், கை நடுக்கம் எல்லாம் பார்த்தார். குடிப்பழக்கம் உண்டா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன மருந்து என்று கேட்டார். பழைய அளவையே மறுபடி ஆரம்பித்தார். "இது புது வியாதி இல்லைம்மா, மாத்திரையை வெடுக்குனு பிடுங்கினதால உடம்பு காட்டற எதிர்ப்பு. சில வாரம் சாப்பிட்டதுக்கு நீங்க அடிமையாயிட்டீங்கன்னு அர்த்தமில்லை. ஆனா இறங்கும்போது படி படியாத்தான் இறங்கணும்" என்று சொன்னார். நிலைமை சரியான பின், 0.5-லிருந்து கால் பங்கு குறைத்து முதல் படி. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த படி. தூக்கம் கெட்டால் அதே படியில் நிற்கலாம், அவசரமே இல்லை என்றார். இது அக்காவை நேரில் பார்த்து அவளுக்காகப் போட்டது. தயவுசெய்து யாரும் இதை எடுத்துப் பின்பற்றாதீர்கள்.

குறைக்கும்போது இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் முன்னைவிட மோசமாக இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து அளவை ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, மத்தியானம் படுக்காமல் இருப்பது, தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து உட்கார்வது என்று பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட இந்த வகைப் பயிற்சியைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர்கள் சங்கம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அங்கே 14,800!

நான் அப்புறம் தேடிப் படித்தேன். 2025-ல் அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில், உடம்பு இந்த மருந்துகளுக்குப் பழகியிருந்தால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்து ஆரம்பிக்கலாம், பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றிருக்கிறது. அந்த ஆப்காரர்கள் ஒரே ராத்திரியில் நூறு சதவீதம் குறைத்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதிலைக் கேளுங்கள். "பயனாளர் மாத்திரையை மறுபடி எடுத்துக்கொண்டதால் திட்ட விதியை மீறிவிட்டார். பணம் திருப்பித் தரப்பட மாட்டாது." டாக்டர் சொல்லித்தான் எடுத்தாள் என்று ஓபி சீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். "எங்கள் குழு பரிசீலிக்கிறது" என்றார்கள். மறுபடி கேட்டேன், 14,800-ஐ அடுத்த திட்டத்துக்கு வரவு வைக்கிறோம் என்றார்கள். இன்னொரு முறை கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அக்கா போனிலிருந்து அடித்தேன், அதுவும் பிளாக்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எழுதிக் கொடுத்த டாக்டர் ஊரில் இல்லையென்றால் வேறொரு டாக்டரை நேரில் பாருங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, போதைப்பொருள் சட்டத்தில் மனநிலையை மாற்றும் மருந்துகள் பட்டியலில் இருக்கிற அல்பிரசோலத்தை ஆன்லைனில் பேசி எழுதிக் கொடுக்கவே கூடாது. டாக்டர் என்று யார் சொன்னாலும் பதிவு எண் கேளுங்கள், அது இல்லாத சீட்டு செல்லாது. உரிம எண் இல்லாத பொடியை வாயில் வைக்காதீர்கள். எங்களுக்கு வந்த பொட்டலத்தில் உரிம எண்ணும் இல்லை, தயாரித்த முகவரியும் இல்லை. குறைக்கிற சமயத்தில் குடி வேண்டவே வேண்டாம். வலிப்பு, குழப்பம், இல்லாத உருவம் தெரிவது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

பணம் போனவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். ஆன்லைன் வியாபாரிகள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. அதுவும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பிடிஎஃப், வாய்ஸ் நோட், ஜிபே ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். நான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். 1915-ல் புகார் எண் வாங்கியாகிவிட்டது. 14,800 வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன். அக்காவுக்கு வியாழக்கிழமை மறுபடி ஓபி இருக்கிறது, நான் திருப்பூர் கிளம்ப வேண்டும்.