இரண்டாவது பேஸ் கிற்றார்: வீட்டில் உள்ளதைச் சீர்செய்வதா, கடையில் பார்த்ததை வாங்குவதா?

கடையில் ஒரு பேஸ் கிற்றாரை எடுத்துப் பத்து நிமிடம் வாசித்துவிட்டு வந்தால், வீட்டில் கிடப்பது அன்றைக்கே கண்ணுக்குப் பிடிக்காமல் போய்விடும். இந்த மயக்கத்தைக் கிளப்புபவை பெரும்பாலும் மூன்றே சங்கதிகள்: புதுக் கம்பி, கைக்கு இதமாகத் தாழ்த்திய கம்பி உயரம், கொஞ்சம் கூடின சத்தம். மூன்றையும் வீட்டில் கிடப்பதற்கே ஏற்றலாம். லேசில் ஏற்ற முடியாதவை பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இருக்கும் இடம், நெக்கின் (விரல் ஓடும் கழுத்தின்) அகலமும் நீளமும், ஐந்தாவது கம்பி. இவற்றில் எது இழுத்தது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் காசுக் கதை.

கையில் இருப்பது ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் வகைப் பிக்கப் உள்ள, பற்றரி இல்லாத, அதிரும் கம்பி 34 அங்குல நீளமுள்ள நாலு கம்பிப் பேஸ் என்று வைத்துக்கொள்வோம். ஸ்குவையர் பிரிசிஷன், யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 போன்றவை இந்த இனம். (174இல் பிரிட்ஜ், அதாவது கம்பியின் அடி பூட்டிய தகட்டுப் பக்கம், ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் வகைப் பிக்கப்பும் ஒன்று இருக்கும்.)

கடைக்கு இரண்டாம் முறை போகும்போது உங்கள் பேஸையும் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரே வயர், ஒரே அம்ப், ஒரே சனல். அம்பின் டோன் குமிழ்கள் எல்லாம் நடுவில். முக்கியமானது சத்தத்தைச் சமப்படுத்துவது. பற்றரி உள்ள பேஸ் இயல்பாகவே கூடின சத்தம் தரும். கூடின சத்தம் காதுக்கு எப்போதும் திறமாகத்தான் கேட்கும். இரண்டிலும் ஒரே பாட்டின் ஒரே நான்கு வரியை வாசித்து, கைபேசியில் பதிந்து, அடுத்த நாள் எது எதுவென்று பாராமல் கேளுங்கள். வித்தியாசம் பிடிபடாவிட்டால் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கம்பி மட்டும் வாங்கலாம்.

உள்ளதைச் சீர்செய்தால்

ஆகக் குறைந்த செலவு இதுதான். பலர் தட்டிக்கழிப்பதும் இதைத்தான். யாழ்ப்பாணத்துக் காற்றில் உப்பு உண்டு. குருநகர், பாசையூர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் கம்பி கறுப்பதற்கு வியர்வைகூடத் தேவையில்லை. வரிச்சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் அழுக்கும் துருவும் ஏறினால் மேல்சுரங்கள் செத்து, அடிச் சத்தம் மட்டும் மந்தமாக மிஞ்சும். கொதிநீரில் ஐந்து பத்து நிமிடம் போட்டு எடுத்து நன்றாக உலர்த்தினால் உயிர் வரும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். புதுச் செட் 45-105 அளவில் (கம்பித் தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வாங்குங்கள். பழைய மெல்லிசையும் பைலாவும் வாசிக்கிறவர்களுக்கு வழவழப்பான தட்டைச்சுற்றுக் கம்பி இன்னும் பொருந்தும். விலை கூடினாலும் வருடக்கணக்கில் கிடக்கும், உப்புக் காற்றையும் தாங்கும்.

கம்பியை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே செங்கோணமாக மடியுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்று உள்ளே தளர்ந்து, புதுக் கம்பியே செத்த கம்பியாகிவிடும். முறுக்கும் தூணைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் விட்டால் இரண்டு மூன்று சுற்று வரும், அது போதும்.

பிறகு செட்டப், அதாவது பேஸை வாசிக்கத் தோதாகச் சீராக்குவது. வரிசை மாறக் கூடாது: சுருதி, நெக் வளைவு, கம்பி உயரம், சடில் (பிரிட்ஜில் கம்பி தங்கும் துண்டு), கடைசியாகப் பிக்கப் உயரம். நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையில் இழுக்கின்றன. அந்த இழுவையைத் தாங்குவது உள்ளே ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புத் தண்டு. தடித்த கம்பியின் முதல் ஃபிரெட்டை (ஃபிரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டை மறு கையாலும் அழுத்திக்கொண்டு, ஏழாம் எட்டாம் ஃபிரெட்டில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீற்றர், அதாவது ஒரு விசிற்றிங் கார்ட் தடிப்பு இருந்தால் சரி. கூட இருந்தால் ரொட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். ஒரே மூச்சில் முழுச் சுற்றுச் சுற்றுகிறவர் நெக் வாங்கத் தயாராக இருக்க வேண்டும். திறப்பும் சரியான அளவாக இருக்கட்டும்; அங்குலத் திறப்பு வேண்டிய இடத்தில் கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீற்றர்த் திறப்பைச் செருகினால் குழி உருண்டுபோகும். மாரி மழையில் மரம் ஈரம் குடிக்கும், சோளகக் காற்றில் உலரும். ஆகவே இந்த அளவை வருடத்தில் இரு முறையாவது பார்க்க வேண்டியிருக்கும்.

கம்பி உயரத்துக்கு ஃபெண்டர் தரும் அளவு நல்ல தொடக்கம்: 17ஆம் ஃபிரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 2.4 மில்லிமீற்றர், மெல்லிய கம்பி 2 மில்லிமீற்றர். அடுத்து 12ஆம் ஃபிரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும், அதே இடத்தில் விரலைத் தொட்டெடுத்து வரும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சடிலைப் பின்னுக்கு, இறங்கி நின்றால் முன்னுக்கு. பிக்கப்பைக் கம்பிக்கு அருகில் தூக்கினால் சத்தம் கூடும் என்று அளவுக்கு மிஞ்சித் தூக்குகிறவர்கள் உண்டு. காந்தம் கம்பியைப் பிடித்திழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தடுமாறும்.

ஜாஸ் பேஸ்

பிரிசிஷன் 1951இல் வந்தது. இன்று நாம் அறிந்த இரட்டைத் துண்டுப் பிக்கப் அதற்கு ஏறியது 1957இல். ஜாஸ் பேஸ் 1960. கையில் எடுத்ததும் தெரிவது நெக்தான்: நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பி ஏறிச் செல்லும் துண்டு) அகலம் ஜாஸில் 38 மில்லிமீற்றர், பிரிசிஷனில் வழக்கமாக 41 அல்லது அதற்கு மேல். சின்னக் கைக்கு இந்த மூன்று மில்லிமீற்றர் பெரிய நிம்மதி. இதைச் செட்டப்பால் கொண்டுவர முடியாது. நெக்தான் உங்களை மயக்கியது என்றால் ஜாஸ் வாங்குவதில் நியாயம் உண்டு.

சத்தத்தில் கதை வேறு. ஜாஸின் இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடுத்தரச் சுரங்களில் சில ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். தனியே வாசிக்கும்போது அது வடிவான, கண்ணாடி போன்ற சத்தம். திருவிழா மேடையில் கீபோர்டும் பாட்டும் ரிதம் பாட்டும் ஒன்றாய் எழும்பும்போது காணாமல் போவதும் அதே சத்தம்தான். பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வைத்தால் மூக்கால் பேசுவதுபோல் கூர்மையாக வெளியே வரும், ஆனால் ஜாஸின் வில்லங்கம் அங்கேதான். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போதுதான் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றைக் குறைத்த உடனே 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் 'ம்ம்' உள்ளே வரும். சோடனை பல்புகளும் டிமரும் ஜெனரேற்றரும் பக்கத்தில் நிற்கும் கோவில் வீதியில் இது சின்னக் குறை அல்ல. பிரிசிஷனின் இரட்டைத் துண்டு எந்த நிலையிலும் இரைச்சலைத் தானே அழித்துக்கொள்ளும். மேடைக்கு நம் தெரிவு அதுவே. பதிவு செய்கிறவர்கள், கட்டைவிரலால் அடித்து வாசிக்கிறவர்கள் ஜாஸ் பக்கம் சாயலாம்.

(கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் அது வழமை. கம்பியைப் பிடித்தபடி மைக்கில் வாய் படும்போது சுள்ளென்று அடித்தால் அது எர்த் கோளாறு. ஒரு பாட்டு முடியட்டும் என்று பார்க்காமல் உடனே இறங்குங்கள்.)

பற்றரி உள்ள பேஸ்

1976இல் வந்த மியூசிக்மான் ஸ்டிங்ரே இந்த வழியைப் பிரபலமாக்கியது. இன்று ஐபனெஸ் எஸ்ஆர் 300, யமஹா டிஆர்பிஎக்ஸ் 304 வரை அதன் பரம்பரை. 9 வோல்ட் பற்றரியில் ஓடும் ஒரு சின்னப் பிரீஅம்ப் (பிக்கப்பின் மெல்லிய சத்தத்தை முதலில் பெருக்கும் சுற்று) உடலுக்குள் இருக்கும்.

நம்முடைய மேடைகளில் இந்தப் பேஸ் திறமாகக் கேட்பதற்குக் காரணம் மரமோ பிராண்டோ அல்ல. பல மேடைகளில் பேஸ் அம்பே இருக்காது. வயர் நேரே மிக்ஸருக்குப் போகும். பற்றரி இல்லாத பிக்கப்பின் உள்தடை ஏறத்தாழ 10 கிலோ ஓம், மிக்ஸரின் லைன் உள்ளீடும் பெரும்பாலும் 10, 20 கிலோ ஓம்தான். பிக்கப்பால் அந்தச் சுமையை இழுக்க முடியாது. சத்தம் பாதியாகும், கூர்மை முழுதாகப் போய்விடும். சவுண்ட்காரர் லோவை ஏற்றுவார், பேஸ் சாக்குக்குள் கட்டிய மாதிரிக் கேட்கும். பிரீஅம்ப் உள்ள பேஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, பத்து மீற்றர் வயரும் பிரச்சினை இல்லை.

ஆனால் இதே வேலையை 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ஒரு அக்டிவ் டிஐ பெட்டி (பேஸுக்கும் மிக்ஸருக்கும் இடையில் செருகும் சின்ன இணைப்புப் பெட்டி), பேஸின் விலையில் சிறு பங்குக்குச் செய்யும். கடையில் கேட்ட பளிச்சென்ற சத்தம் அக்டிவ், அதாவது பற்றரி உள்ள பேஸினுடையது என்றால் முதலில் டிஐ பெட்டியோடு உங்கள் பழையதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆசை தீராவிட்டால் வாங்கலாம். வாங்குவதானால் பற்றரி செத்தாலும் பாட வைக்கும் பாஸிவ் சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். பல மலிவு மொடல்களில் அது கிடையாது. இன்னொன்று, வயரைச் செருகிய உடனே பிரீஅம்ப் விழித்துக்கொள்ளும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றாமல் சாத்தி வைத்தால் பற்றரி தானாகத் தீரும். சத்தம் கரகரத்து மெலிந்தால் அம்பைச் சந்தேகிக்க முன் பற்றரியை மாற்றுங்கள்.

ஐந்து கம்பி

நாலு கம்பிப் பேஸால் எந்தச் செட்டப்பிலும் முழுதாகச் செய்ய முடியாததைச் செய்வது இது ஒன்றுதான். மூன்று கட்டையில் (ஈ சுருதியில்) ஒரு பாட்டு, பேஸ் ஆகத் தடித்த ஈ கம்பியில், ஃபிரெட் அழுத்தாமலே நின்று அதிர்கிறது. பாடுகிறவர் தொண்டை சரியில்லை, இரண்டரைக்கு இறக்குங்கள் என்கிறார். கீபோர்ட்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இருப்பார். உங்களுக்கோ ஈ கம்பிக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஏ கம்பியின் ஆறாம் ஃபிரெட்டுக்கு ஏற வேண்டும், பாட்டின் அடி கழன்றுவிடும். ஐந்து கம்பிப் பேஸில் ஈக்கும் கீழே கூடுதலாக இருக்கும் பி கம்பியின் நான்காம் ஃபிரெட்டில் அந்தச் சுரம் கீழேயே கிடைக்கும். இரண்டு கட்டைக்கு மூன்றாம் ஃபிரெட், ஒரு கட்டைக்கு முதலாம் ஃபிரெட்.

விலையும் உண்டு. நெக் அகலம் பெரும்பாலும் 45 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், எடை கூடும். வாசிக்காத நேரத்தில் பி கம்பி தானாக அதிரும். கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து வைக்கும் பழக்கம் வரச் சில மாதம் பிடிக்கும். 34 அங்குல நீளத்தில் 125 அளவுப் பி கம்பி தொளதொளக்கும், 130 போட்டால் இறுகும். பி கம்பியின் அடிச்சுரம் 31 ஹேர்ட்ஸ் அளவு (ஈ 41). வீட்டில் உள்ள பத்து அங்குல ஸ்பீக்கரில் நீங்கள் கேட்பது அதன் மேல்சுரங்களைத்தான். ஆகவே கடையின் சின்ன அம்பில் பி கம்பியை மதிப்பிட வேண்டாம். ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுரம் தெளிவாக நிற்கிறதா, சுருதி பிசகுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வாங்க முன் ஒரு மலிவுச் சோதனை: உள்ள பேஸின் ஈ கம்பியை டி சுரத்துக்கு இறக்கி ஒரு நிகழ்ச்சி வாசித்துப் பாருங்கள். அந்த இரண்டு சுரத்தை ஓரிரு முறைதான் தொட்டீர்கள் என்றால் ஐந்தாவது கம்பி வீண். பாட்டுக்குப் பாட்டுத் தேடினீர்கள் என்றால், இந்த வரிசையில் காசு போடத் தகுந்தது ஐந்து கம்பிதான். கூடவே கீபோர்ட்காரரின் இடது கையோடும் ஒரு உடன்பாடு வேண்டும். அவரும் கீழே அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனை கம்பி இருந்தும் சேறுதான்.

குட்டைப் பேஸ்

30 அங்குல நீளம். நட்டிலிருந்து முதல் ஃபிரெட்டுக்கான தூரம் 34 அங்குலப் பேஸின் 48.5 மில்லிமீற்றரிலிருந்து 43க்கு இறங்கும். அதே கம்பியில் இழுவை 22 வீதம் குறையும். பிள்ளைகளுக்கும் தோள் நோவுக்காரருக்கும் நல்லது. சத்தம் உருண்டையாக இருக்கும், ஈ கம்பி கொஞ்சம் சோரும். நீளத்துக்கேற்ற கம்பிச் செட் கேட்டு வாங்குங்கள்.

பழையது, வெளிநாட்டிலிருந்து வருவது

இங்கே தெரிவு குறைவு. கொழும்பு 400 கிலோமீற்றர் தள்ளி. அதனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற மாமா, சித்தப்பாமாரின் பயணப் பெட்டியில் கண் விழுவது இயல்பு. முழுப் பேஸ் ஏறத்தாழ 117 சென்ரிமீற்றர். பல விமான நிறுவனங்கள் நீள அகல உயரக் கூட்டலுக்கு வைக்கும் 158 சென்ரிமீற்றர் எல்லையைப் பெட்டியோடு தாண்டிவிடும். போல்ட் பூட்டிய நெக் என்றால் கம்பியைத் தளர்த்தி, பின்னால் உள்ள நான்கு ஸ்குரூவையும் கழற்றினால், 90 சென்ரிமீற்றர் அளவு நெக்கும் உடலும் 95க்கு 40க்கு 15 பெட்டிக்குள் அடங்கும். திரும்பப் பூட்டும்போது ஸ்குரூவை முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய புரிக்குள் விழுந்த பிறகு இறுக்கினால் மரம் கிழியாது. கனடாவிலிருந்து அம்பும் சேர்த்துக் கேட்காதீர்கள், அது 120 வோல்ட்.

இங்கேயே பழையது பார்ப்பதானால் சடில் ஸ்குரூவும் ட்ரஸ் ரொட்டும் துருவில் இறுகியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. விற்பவர் முன்னிலையில் ரொட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அசையாவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம். வொலியூம் குமிழ் கரகரப்பது, ஜாக் தளர்ந்திருப்பது பெரிய பழுதல்ல. கொன்டாக்ட் கிளீனரும் கொஞ்சம் ஈயமும் போதும். நெக்கைத் தலைப்பக்கமிருந்து கண்ணோடு நேர்வைத்துப் பாருங்கள். வளைவைத் திருத்தலாம், முறுக்கைத் திருத்த முடியாது. கடைசியாக வாரைத் தோளில் போட்டுக் கையை விடுங்கள். தலைப்பக்கம் தானாகக் கீழே சாய்ந்தால், மூன்று மணி நேர நிகழ்ச்சி முழுக்க அதை இடது கைதான் தூக்கிக்கொண்டு நிற்கும்.