ஹார்ட்டெயிலா, முழு சஸ்பென்ஷனா: நீலகிரிக்கு எந்த மலைச் சைக்கிள்?
ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குத் தார்ச்சாலையில் மிதித்து, இடையில் தேயிலைத் தோட்ட மண்பாதைகளிலும் இறங்க விரும்புபவருக்கு, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) கொண்ட ஹார்ட்டெயிலே பொருந்தும் என்பேன். இரு சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, வேர்களும் கற்களும் நிறைந்த இறக்கத்தில் பின்சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைத்து உடற்களைப்பைக் குறைக்கிறது. ஆனால் ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பகுதி அமுங்கி எழுவதால் உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது, எடையும் கூடுதல். ஏற்றத்தில் அமுங்காதபடி சஸ்பென்ஷனைப் பூட்டும் வசதி இருந்தாலும், மழைக்காலத்தில் சேறு புகும் பின் சஸ்பென்ஷன் பேரிங்குகளை அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கும் (ஊட்டி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்). ஹார்ட்டெயிலில் பின்புறக் கேரியர் பொருத்துவதும் எளிது. கரடுமுரடான இறக்கங்களுக்காகவே வண்டி வாங்குபவர் மட்டும் முழு சஸ்பென்ஷனுக்குச் செலவழிக்கலாம். எதுவானாலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அவசியம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற இறக்கத்தில் கம்பி பிரேக்கை இழுத்துப் பிடித்தே விரல்கள் மரத்துவிடும்.