செஸ் ஒலிம்பியாட்டில் தன்னார்வலர் வேலை: ஆட்டம் பார்க்கலாம் என்று போகாதீர்கள்

2022இல் மகாபலிபுரத்தில் நடந்த, நாடுகளின் அணிகள் மோதும் 44வது செஸ் ஒலிம்பியாட்டில் தன்னார்வலராக இருந்தேன். இதுபோன்ற போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் கருத்து இது. கொடுக்கலாம், ஆனால் ஓசியில் ஆட்டம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். அப்போது உலக சாம்பியனாக இருந்த கார்ல்சன் மாதிரி ஒருவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார், நீங்களோ எந்த அணிக்கு எந்த மேசை, வழி தெரியாமல் நிற்கும் கேப்டன் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பொதுப் பிரிவில் 180க்கு மேல், பெண்கள் பிரிவில் 160க்கு மேல் அணிகள், ஒரு சுற்றில் அணிக்கு நாலு பேர் ஆடுவார்கள் என்றால் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 700 பலகைகளில் ஆட்டம். மூன்று மணிக்குக் கடிகாரத்தை அழுத்தியதும் அவ்வளவு பெரிய ஹால் கப்சிப். செல்போன் உள்ளே கிடையாது. பேச வேண்டியதை எல்லாம் சைகையிலேயே முடிக்கப் பழகிவிடுவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, முடிவு தெரிந்துகொள்ளும் விதம். பலகைகள் மின்னணுப் பலகைகள், முடிவு அதில் பதிவாவதற்காக ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாவையும் நடுக்கட்டங்களில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளை ஜெயித்தது, கறுப்புக் கட்டத்தில் நின்றால் கறுப்பு, ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பு என்றால் டிரா. நடந்துபோகிறபோதே கண்ணை ஓட்டினால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்ததை இப்படித்தான் பின்தொடர்ந்தோம், நகர்த்தல்களை ராத்திரி வீட்டில் யூடியூபில் பார்த்துக்கொண்டோம். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவிடம் அவர் தோற்ற அன்று மட்டும் ஹாலில் இருந்த எல்லோருக்குமே அந்தப் பக்கம்தான் ஏதோ வேலை இருந்தது!

குறைகள் உண்டு. எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த ஒப்பந்தக்காரருக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம், ஆட்டம் ஒன்று இழுத்தால் ஐந்தாறு மணி நேரம் போகும், அது முடியும்வரை நீங்களும் நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஈசிஆர் சாலையில் வீட்டுக்குக் கிளம்புவது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி, போர் வந்ததால் மார்ச்சில் இங்கே மாறி ஜூலைக் கடைசியில் தொடங்கியது. நாலு மாதத்தில் இவ்வளவு செய்ததே பெரிது என்றுதான் எனக்குத் தோன்றியது, கூட இருந்த சிலர் ஒத்துக்கொள்ளவில்லை.

செஸ் தெரியாதவர்களும் தாராளமாகப் போகலாம், பொறுமையும் தட்டுத்தடுமாறியாவது பேசும் ஆங்கிலமும் இருந்தால் சரி. உண்மையைச் சொன்னால் செஸ் பைத்தியங்களுக்குத்தான் இது தண்டனை. அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராக வருவதே மேல். மற்றவர்களுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், வெட்டிய ஒன்று அந்தப் பொட்டலத்துக்கு. காலுக்கு மெத்தென்ற ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தரையில் கீச்சென்று சத்தம் போடாததாகப் பாருங்கள், நடுவர்கள் திரும்பி முறைப்பார்கள்.